தண்ணீர் போகும் வழியில் ஒரு சதுப்பு

2025 ஜூன் மாதம் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் மழைக்குக் குறைவில்லை. தலைநகரான டி மொய்ன் நகருக்குள் ரக்கூன், டி மொய்ன் என்று இரண்டு ஆறுகள் வந்து கூடுகின்றன. இரண்டிலும் தண்ணீர் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. இருந்தும் ஜூன் 12 அன்று, சுமார் 6 லட்சம் பேருக்குக் குடிநீர் கொடுக்கும் அமைப்பு, வீட்டுப் புல்தரைக்கு யாரும் தண்ணீர் விடக் கூடாது என்று தடை போட்டது. கோடை வறட்சியில் இப்படித் தடை போடுவது எங்கும் உள்ள வழக்கம்தான். ஆற்றில் தண்ணீர் இருக்கும்போதே போட்டதுதான் விசித்திரம்.

காரணம், அந்தத் தண்ணீரில் கரைந்திருந்த நைட்ரேட். வயலிலிருந்து வந்த நைட்ரேட்டை அகற்றுவதற்கென்றே அந்த நகரம் 1990-களின் தொடக்கத்தில் ஒரு சுத்திகரிப்பு நிலையம் கட்டிவைத்திருக்கிறது. அந்த வகையில் உலகின் பெரிய நிலையங்களுள் ஒன்று அது. அதுவும் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் சுத்தம் செய்ய முடியும். ஊர் அதற்கு மேல் தண்ணீர் கேட்டால் நைட்ரேட் வரம்பு மீறிய தண்ணீரைத்தான் குழாயில் விடவேண்டி வரும். ஆகவே, கேட்பதைக் குறைக்கச் சொன்னார்கள்.

அந்த வரம்பு லிட்டருக்கு 10 மில்லிகிராம் நைட்ரஜன். நைட்ரேட்டாகக் கணக்கிட்டால் ஏறக்குறைய 45 மில்லிகிராம். இந்தியக் குடிநீர்த் தரத்திலும் அதே 45தான். இந்த எண்ணின் பின்னால் இருக்கும் கதையும் அயோவாவிலேயே தொடங்குகிறது. 1945-ல் ஹன்டர் காம்லி என்ற மருத்துவர், பண்ணை வீட்டுக் கிணற்று நீரில் பால் மாவு கரைத்துக் கொடுக்கப்பட்ட பச்சிளங்குழந்தைகளின் உடல் நீலம் பூத்துப்போவதைக் கண்டு, கிணற்றில் இருந்த நைட்ரேட்டே காரணம் என்று எழுதினார். குழந்தையின் உடலில் நைட்ரேட் நைட்ரைட்டாக மாறுகிறது. அது ரத்தத்தின் ஹீமோகுளோபினை, ஆக்சிஜனைச் சுமக்க முடியாத வடிவத்துக்கு மாற்றிவிடுகிறது. அந்த ஆபத்தை மனதில் வைத்து வகுத்த வரம்பு இது. 2018-ல் டென்மார்க்கில் 27 லட்சம் பேரின் பதிவுகளை வைத்து நடந்த ஆய்வு, இந்த வரம்புக்கு மிகக் கீழே உள்ள அளவுகளிலும் பெருங்குடல் புற்றுநோயோடு ஒரு தொடர்பு தென்படுவதாகச் சொன்னது. அதற்குப் பிறகு வரம்பைப் பற்றிய விவாதம் சூடுபிடித்திருக்கிறது.

வயலில் போட்டது ஆற்றுக்கு எப்படி வந்தது? இதைப் புரிந்துகொள்ள அயோவாவின் மண்ணுக்கு அடியில் போக வேண்டும்.

வட-மத்திய அயோவா பனிப்பாறை விட்டுப்போன நிலம். 12,000 ஆண்டுகளுக்கு மேலாகிறது அது பின்வாங்கி. போகும்போது தட்டையான களிமண்ணையும், வடிய வழியில்லாத ஆயிரக்கணக்கான பள்ளங்களையும் விட்டுச்சென்றது. அவற்றில் தண்ணீர் தேங்கியது. சம்பும் கோரையும் பிரேரி என்ற புல்வெளிக்குரிய ஆளுயரப் புல்லும் வளர்ந்தன. அவை மட்கி மட்கிக் கரிய மண்ணாயின. 19-ஆம் நூற்றாண்டில் வந்து குடியேறியவர்களுக்கு மண் பிடித்தது, சேறு பிடிக்கவில்லை. சுட்ட களிமண் குழாய்களை மூன்று நான்கடி ஆழத்தில் வரிசையாகப் புதைத்து, தேங்கிய நீரை ஓடைக்கு வடித்தார்கள். இன்று அந்த வேலையைத் துளையிட்ட பிளாஸ்டிக் குழாய்கள் செய்கின்றன. மாநிலத்தில் இருந்த சதுப்புகளில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் போய்விட்டது. பிரேரியில் எஞ்சியது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. மேலே நின்று பார்த்தால் மக்காச்சோளமும் சோயாவும்தான் தெரியும். கீழே ஒரு கோடி ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் யார் கண்ணிலும் படாத குழாய் வலை.

நைட்ரேட்டுக்கு இந்த வலை ராஜபாட்டை. களிமண் துகள்கள் எதிர்மின் தன்மை கொண்டவை, நைட்ரேட்டும் அப்படியே. ஆகவே மண் அதைப் பிடித்து வைத்துக்கொள்வதில்லை, தண்ணீர் போகும் வழியே அதுவும் போகிறது. உரத்தை மட்டும் குற்றம் சொல்லிவிட முடியாது. கரிய மண்ணில் இருக்கும் மட்கே வசந்தத்தில் வெப்பம் ஏற ஏறச் சிதைந்து நைட்ரேட்டை வெளிவிடும். அந்த நேரத்தில் வயலில் அதை உறிஞ்ச ஒரு வேரும் இருக்காது. மக்காச்சோளம் விதைப்பது ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும்; அது உண்மையில் பசியெடுத்துச் சாப்பிடத் தொடங்க ஜூன் ஆகிவிடும். பெருமழையோ அதற்கு முன்பே வந்துவிடுகிறது. இதற்கு மேல், அறுவடை முடிந்த கையோடு, ஆள் கிடைக்கும் காலத்தில், அடுத்த ஆண்டுக்கான அம்மோனியாவை அப்போதே மண்ணுக்குள் செலுத்திவிடும் பழக்கம் வேறு. மாநிலத்தில் மனிதர்கள் சுமார் 32 லட்சம். பன்றிகள் 2 கோடிக்கும் மேல். அவற்றின் சாணமும் வயலுக்குத்தான் போகிறது.

அங்கிருந்து கிளம்பும் நைட்ரஜன் டி மொய்னோடு நிற்பதில்லை. மிசிசிப்பி வழியாக மெக்சிகோ வளைகுடாவுக்குப் போய்ப் பாசியை வளர்க்கிறது. பாசி செத்து மட்கும்போது அடிநீரின் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. 2017 கோடையில் அப்படி மூச்சடைத்த கடற்பரப்பு சுமார் 22,700 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. அதை 5,000-க்குள் கொண்டுவருவது என்பது அமெரிக்க அரசின் இலக்கு. அயோவா 2013-ல் தன் பங்குக்கு ஒரு திட்டம் வெளியிட்டு, நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் 45 சதவீதம் குறைப்போம் என்றது. கட்டாயம் ஏதும் இல்லை, விருப்பப்பட்டவர்கள் செய்யலாம்.

அந்த 'விருப்பத்தை' நம்பாத டி மொய்ன் குடிநீர் நிறுவனம் 2015 மார்ச்சில் நீதிமன்றம் போனது. மேல்பகுதியில் உள்ள மூன்று மாவட்டங்களின் வடிகால் வாரியங்கள்தான் எதிர்த்தரப்பு. ஆலைக் கழிவுக்குழாய்க்கு அனுமதி வேண்டும் என்றால் வயல் வடிகால் குழாய்க்கும் வேண்டாமா என்பது வாதம். 2017 மார்ச்சில் வழக்கு தள்ளுபடியானது. வாரியங்களுக்கு வடிகால் வெட்டத்தான் அதிகாரம் உண்டு, நைட்ரேட்டைத் தடுக்க அதிகாரம் இல்லை, ஆகவே அவற்றின் மேல் வழக்குப் போட்டுப் பயனில்லை என்று முடிந்துபோனது. வயல் குழாயும் ஆலைக் குழாயும் ஒன்றா என்ற மூலக் கேள்விக்கு விடை வரவே இல்லை.

சட்டம் கைவிட்ட இடத்தில்தான் புல்லும் மரமும் பாக்டீரியாவும் வருகின்றன. 'இயற்கை சார்ந்த தீர்வு' என்று இப்போது எல்லா மாநாட்டிலும் அடிபடும் சொல்லுக்கு அயோவாவில் வெகு குறிப்பான பொருள் உண்டு: எடுத்த சதுப்பில் ஒரு சிறு பங்கைச் சரியான இடத்தில் திருப்பி வைப்பது. 'சரியான இடம்' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்பதை இரண்டு சோதனைகள் காட்டுகின்றன.

முதலாவது, பிரேரிப் பட்டைகள். 2007-ல் அயோவா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நீல் ஸ்மித் வனவிலங்குக் காப்பகத்தில் 12 சிறு நீர்ப்பிடிப்புகளைத் தேர்ந்தெடுத்தார்கள். சிலவற்றில் முழுக்கப் பயிர். மற்றவற்றில் 10 அல்லது 20 சதவீத நிலத்தைப் பழைய பிரேரிப் புல்லுக்கும் பூச்செடிகளுக்கும் விட்டார்கள். சிலவற்றில் சரிவின் அடியில் மட்டும். சிலவற்றில் சரிவுக்குக் குறுக்கே பட்டை பட்டையாக. நம் ஊர் மானாவாரிச் சரிவுகளில் வெட்டிவேரைச் சமமட்டக் கோட்டில் நடுவதை ஒத்த ஏற்பாடுதான். இங்கே ஒரே செடிக்குப் பதிலாகப் பல வகைச் செடிகள். பிரேரிப் புல்லின் வேர் இரண்டு மீட்டருக்கும் கீழே இறங்கும். தண்டு விறைப்பானது, அடைமழையிலும் சாய்ந்து படுக்காது. மேலிருந்து ஓடிவரும் நீர் அதில் மோதி வேகம் இழந்து, சுமந்துவந்த மண்ணை அங்கேயே போட்டுவிடுகிறது.

பத்தாண்டு கழித்து, லிசா ஷுல்ட்டி மூரும் உடன் ஆய்வாளர்களும் 2017-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். பத்தில் ஒரு பங்கு நிலத்தைக் கொடுத்ததற்கு, மேற்பரப்பில் ஓடும் நீர் 37 சதவீதம் குறைந்திருந்தது. வயலில் தங்கிய மண் 20 மடங்கு. தங்கிய பாஸ்பரஸ் 4 மடங்குக்கு மேல். மகரந்தம் சேர்க்கும் பூச்சிகள் மூன்றரை மடங்கு பெருகியிருந்தன. 20 சதவீத நிலத்தைக் கொடுத்த இடங்களில் பலன் அதற்கேற்ப இரட்டிக்கவில்லை என்பது விவசாயிக்கு இன்னும் முக்கியமான செய்தி. 2018-ன் அமெரிக்க வேளாண் சட்டம் இந்தப் பட்டைகளுக்கு மானியம் கொடுக்கலாம் என்று ஏற்றுக்கொண்டது.

இவ்வளவும் மேற்பரப்பில் ஓடும் நீருக்குத்தான். மண் அரிப்பும், மண்ணோடு ஒட்டிப்போகும் பாஸ்பரஸும் அதில் அடங்கும். நைட்ரேட்டில் பெரும்பங்கு நான்கடி ஆழத்தில் குழாயில் போகிறது. புல்லின் வேர் எவ்வளவு ஆழம் போனாலும் குழாய்க்குள் போகாது.

இரண்டாவது சோதனை நடந்த பேர் கிரீக் என்ற சிற்றோடையில் இந்த உண்மை இன்னும் கூர்மையாகத் தெரிந்தது. 1990-ல் தொடங்கி அதே பல்கலைக்கழகத்தார் அந்த ஓடையின் இரு கரையிலும் மரம், புதர், உயரப் புல் என்று மூன்று அடுக்காக நட்டார்கள். நாடெங்கிலும் இருந்து ஆட்கள் வந்து பார்க்கும் மாதிரித் தோப்பாக அது வளர்ந்தது. கரை மண் கெட்டியானது, பறவைகள் வந்தன, தோப்பு மண்ணின் ஊடே கசிந்துவந்த நிலத்தடி நீரில் நைட்ரேட் குறைந்தது. ஆனால் வயல்களின் வடிகால் குழாய்கள் தோப்பின் அடியிலேயே புகுந்து நேராக ஓடையில் கொட்டிக்கொண்டிருந்தன. முன்வாசலில் காவல், சரக்கு போனது சுரங்கத்தில்.

2010-ல் டாம் ஐசன்ஹார்ட், டான் ஜேன்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் செய்த காரியம் கேட்பதற்கு அற்பமாக இருக்கும். குழாய் தோப்புக்குள் நுழையும் இடத்தில் அதை வெட்டி, ஒரு பெட்டியை வைத்தார்கள். பலகை போட்டு நீர்மட்டத்தை ஏற்றி இறக்கும் குட்டி மதகு அது. அதிலிருந்து, ஓடைக்கு இணையாகக் கரையோரமாகவே, துளையிட்ட இன்னொரு குழாயைப் புதைத்தார்கள். ஓடைக்கு நேராகப் போகவேண்டிய நீர் இப்போது பக்கவாட்டில் பரவி, கரை மண்ணில் ஊறி, மெல்லக் கசிந்து ஓடையை அடைகிறது. குழாய் நீரில் பாதிக்குச் சற்று மேல் இப்படித் திரும்பியது. திரும்பிய நீரில் இருந்த நைட்ரேட் ஏறக்குறைய முழுவதும் ஓடைக்குப் போய்ச் சேரவில்லை. இருபது ஆண்டு அந்தக் கரையில் நின்ற தோப்பு செய்ய முடியாததை, சில ஆயிரம் டாலர் செலவில் ஒரு பெட்டியும் ஒரு குழாயும் அதே தோப்பைக் கொண்டு செய்துவிட்டன.

நைட்ரேட் எங்கே போனது? கரை மண்ணில் இருக்கும் சில பாக்டீரியாக்கள் நம்மைப் போலவே ஆக்சிஜனைக் கொண்டு சுவாசிப்பவை. மண் நீரில் ஊறி ஆக்சிஜன் தீர்ந்தால் அவை சாவதில்லை. நைட்ரேட்டில் இருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு காலம் தள்ளுகின்றன. மிஞ்சும் நைட்ரஜன் வாயுவாகிக் காற்றில் கலந்துவிடுகிறது. காற்றில் 78 சதவீதம் அதுதான் என்பதால் யாருக்கும் கேடில்லை. இதற்கு மூன்று நிபந்தனைகள்: ஈரம், ஆக்சிஜன் இன்மை, பாக்டீரியாவுக்கு இரையாகக் கரிமப் பொருள். வெப்பமும் இருந்தால் வேகம் கூடும். சதுப்பில் இவை எல்லாம் இயல்பாகவே உண்டு. வடிகால் குழாய் செய்த தீங்கே, நீரை இந்த இடங்களைத் தாண்டி அவசரமாகக் கொண்டுபோய்விட்டதுதான்.

தண்ணீர் நின்ற நெல் வயலிலும் இதே வேதியியல்தான் நடக்கிறது. மேலே மெல்லிய தோலளவு மண்ணில் ஆக்சிஜன் உண்டு. அதற்குக் கீழே இல்லை. மேலே உண்டாகும் நைட்ரேட் கீழே இறங்கியதும் வாயுவாகிவிடும். யூரியாவை மேலாகத் தூவாமல் பிரித்துப் பிரித்துக் கொடு, ஆழத்தில் வை என்று வேளாண் அலுவலர்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். டெல்டா விவசாயிக்கு நஷ்டமாகத் தெரிவது, டி மொய்ன் நகருக்கு வரமாகத் தெரியும்.

கரையோரம் தோதாக அமையாத இடங்களுக்கு மரச்சில்லுக் குழி. வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் 1990-களில் கனடா நாட்டு ஆய்வாளர்கள் தொடங்கிய யோசனை இது. முப்பது மீட்டர் நீளத்தில் ஒரு பள்ளம் தோண்டி, மரச்சில்லுகளை நிரப்பி, மேலே மண்ணை மூடிவிட்டு, வடிகால் நீரை அதன் வழியே ஓடவிட வேண்டும். மரச்சில்லுதான் பாக்டீரியாவுக்கு உணவு. ஒரு குழி 40, 50 ஏக்கர் வயலின் நீரைப் பார்த்துக்கொள்ளும். அயோவாவின் 2013 திட்டக் கணக்கில் சராசரியாக 43 சதவீத நைட்ரேட்டை எடுக்கும். பெருமழையில் குழி கொள்ளாத நீர் நேராக ஓடைக்குப் போய்விடும். நைட்ரேட் அதிகம் வருவதும் அதே பெருமழையில்தான் என்பது இதன் பலவீனம்.

முழுச் சதுப்பையே திருப்பி அமைப்பது மூன்றாவது வழி. 2001 முதல் அயோவாவில் நடக்கும் திட்டத்தில், வில்லியம் கிரம்ப்டன் என்ற சூழலியலாளரின் கணக்குப்படி, பெரிய வடிகால் குழாய்கள் வந்து சேரும் தாழ்வான இடத்தில்தான் சதுப்பு அமைய வேண்டும். அழகான இடம் என்பதற்காகவோ, விவசாயிக்குத் தேவைப்படாத மூலை என்பதற்காகவோ இடம் தேர்வதில்லை. நீர் வந்து சேரும் நிலத்தின் பரப்பில் அரை முதல் இரண்டு சதவீதம் சதுப்பானால் போதும். வரும் நைட்ரேட்டில் 40 முதல் 90 சதவீதம் வரை அது தின்றுவிடும். குறைந்த நிலம், பெரிய பலன். ஆனால் நில உரிமையாளர் 30 ஆண்டோ நிரந்தரமாகவோ அந்த இடத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். தேவைப்படும் சதுப்புகள் ஆயிரக்கணக்கில். முதல் இருபது ஆண்டில் எழுந்தவை நூறை ஒட்டியே நிற்கின்றன.

எல்லா மாசுக்கும் சதுப்பே மருந்து என்று சொல்லிவிடவும் கூடாது. வாயுவாகும் வேலை அரைகுறையாக நின்றால் நைட்ரஸ் ஆக்சைடு வெளியாகும். அது கரியமில வாயுவைவிடச் சுமார் 270 மடங்கு வெப்பம் பிடிக்கும் சரக்கு. பாஸ்பரஸின் கதை வேறு: அதற்கு வாயு வடிவம் கிடையாது, காற்றில் கலந்து தொலைய முடியாது. சேற்றில்தான் புதைய வேண்டும், சேறு நிறைந்தால் திரும்ப நீருக்கு வரும். 2014 ஆகஸ்டில் ஈரி ஏரியில் நச்சுப்பாசி பெருகி, டொலிடோ நகரில் 4 லட்சம் பேர் மூன்று நாள் குழாய்த் தண்ணீரைக் குடிக்க முடியாமல் போனதற்கு, மாமீ ஆற்றுப் பகுதி வயல்களிலிருந்து வந்த பாஸ்பரஸ்தான் முக்கியக் காரணம். அந்த ஆற்றுப் பகுதியும் ஒரு காலத்தில் பெருஞ்சதுப்பு; அதையும் 19-ஆம் நூற்றாண்டில் வடித்து வயலாக்கினார்கள். ஃபுளோரிடாவில் கரும்பு வயல்களின் பாஸ்பரஸ் எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்துக்குள் போகாமல் தடுக்க, 1994 சட்டத்தின்படி கட்டிய சதுப்புகள் இன்று 50,000 ஏக்கரைத் தாண்டிவிட்டன. அங்கே பராமரிப்பு ஒரு தனி உத்தியோகம்.

தண்ணீர் பக்கவாட்டில் போகாத இடத்தில் என்ன செய்வது? யாழ்ப்பாணக் குடாநாடு அதற்கு நல்ல உதாரணம். செம்பாட்டு மண்ணுக்குக் கீழே வெடிப்பும் பொந்துமான சுண்ணாம்புக்கல். வெங்காயம், மிளகாய், புகையிலைத் தோட்டங்களில் இட்ட உரமும், வீட்டு மலக்குழிகளின் கசிவும் மழையோடு நேராகக் கீழே இறங்கிக் கிணற்று நீரில் கலக்கின்றன. பல கிணறுகளில் நைட்ரேட் உலகச் சுகாதார நிறுவனத்தின் 50 மில்லிகிராம் அளவைத் தாண்டியிருக்கிறது. அங்கே ஓடைக்கரையில் தோப்பு வைப்பதற்கு முதலில் ஓடை வேண்டும். நீர் போகும் வழி பயிரின் வேர்க்காலிலேயே தொடங்கிவிடுவதால், மடக்க வேண்டிய இடமும் அதுதான்: உரத்தின் அளவு, இடும் நேரம், மாரிகாலத்தில் நிலத்தை வெறுமையாக விடாத ஒரு பயிர். அயோவாவிலும் அதே யோசனை உண்டு. அறுவடைக்குப் பின் ரை என்ற குளிர்காலத் தானியத்தை விதைத்து வைத்தால், வசந்தத்தில் வெளிப்படும் நைட்ரேட்டை அது உறிஞ்சிக்கொண்டு, கசிவைச் சராசரியாக 31 சதவீதம் குறைக்கிறது.

அறிவியல் இவ்வளவு தெளிவாக இருந்தும் வேலை ஏன் நகரவில்லை? செலவு ஒருவருக்கு, பலன் வேறொருவருக்கு என்பதே பதில். பெட்டி வைத்த விவசாயிக்கு ஒரு மூட்டை மக்காச்சோளமும் கூடுதலாக வராது. அரசு முக்கால் பங்கு மானியம் கொடுத்தாலும், மீதிக் கால் பங்கையும், விண்ணப்பம், ஒப்பந்தக்காரர், பொறியாளர் என்ற அலைச்சலையும் அவர் ஏன் ஏற்க வேண்டும்?

டி மொய்ன் இருக்கும் போக் மாவட்டம் இந்த முடிச்சை வேறு விதமாக அவிழ்த்துப் பார்த்தது. எந்தக் குழாய் எந்தக் கரையில் திறக்கிறது என்று வரைபடத்தில் முதலில் குறித்துக்கொண்டார்கள். பிறகு அந்தந்த உரிமையாளர்களைத் தேடிப்போய்க் கேட்டார்கள். முழுச் செலவும் பொதுப்பணத்தில். எழுத்து வேலையெல்லாம் மாவட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. ஒரே ஒப்பந்தக்காரர் ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்கு இயந்திரத்தை நகர்த்திக்கொண்டே போவார். அதுவரை மாநிலம் முழுவதும் தனித்தனியாகக் கெஞ்சிக் கெஞ்சி வைத்துவந்த பெட்டிகளும் குழிகளும், 2021-ல் அந்த ஒரு மாவட்டத்தில் ஒரே மூச்சில் ஐம்பது வாக்கில் எழுந்தன. மற்ற மாவட்டங்களும் இதே முறையை எடுத்துக்கொண்டிருக்கின்றன.

ஒவ்வொன்றும் ஐம்பது ஏக்கரைப் பார்த்துக்கொண்டால், ஐம்பது சேர்ந்து 2,500 ஏக்கர். குழாய் புதைத்த நிலமோ ஒரு கோடிக்கு மேல். மரச்சில்லுக் குழிகளுக்கு ஆயுள் 10 முதல் 15 ஆண்டு; போக் மாவட்டத்தின் முதல் குழிகளைத் தோண்டிப் புதுச் சில்லு நிரப்பும் முறை 2030-களின் முற்பாதியில் வந்துவிடும். அந்தச் செலவு யார் கணக்கில் எழுதப்படும் என்பதை, அடுத்த ஐம்பதுக்குக் கையெழுத்துக் கேட்டு வரும் அலுவலரிடம் விவசாயிகள் கட்டாயம் கேட்பார்கள்.